கீழ்ப்பல் செட்டு கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்: வாழைத்தார் மண்டித் தொழிலாளி, வயது 61.
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
பார்வை: திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த 2 மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயில்வே கேட்டை ஒட்டிய மண்டியைத் தாங்கள் அறிவீர்கள். கூரை ஒழுகியபோது நேரில் வந்து பார்த்தீர்கள்.

1. ஈறு நோயில் ஆடிய என் பற்களை எல்லாம் அரசு மருத்துவமனையில் எடுத்தார்கள். வெற்றிலை புகையிலை என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். புண் ஆறியதும் செட்டு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். 22 மாதம் ஆகிறது.

2. ஒரு முறை அளவு எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் மாறுதலாகிப் போனார், அச்சையும் காணவில்லை. அளவு, கடிமானம், மெழுகில் பல் வைத்துப் பார்ப்பது, மாட்டுவது என்று நாலைந்து தடவை வந்தால் வேலை முடியுமாம். நான் 11 தடவை போய்விட்டேன்.

3. கடன் வாங்கி 14,000 ரூபாய்க்கு வெளியே கட்டினேன். மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்கிறது. கீழ் செட்டுதான் ஐயா பிரச்சினை. அதற்குப் பிடிப்பில்லை, நாக்கு வேறு தள்ளுகிறது. நான் 30 வருஷம் ஏலம் கூறியவன். ஆடி மாதம் பூவன் தார் ஏலத்தில் குரலை உயர்த்தியதும் கீழ் செட்டு எகிறித் தார் மேலேயே விழுந்தது. மண்டியே சிரித்தது. மறுநாள் கழற்றி வைத்துவிட்டுக் கூறினேன். ‘முந்நூத்தி எழுபது’ என்றது ஒருவருக்கு ‘அறுபது’ என்று கேட்டிருக்கிறது. 40 தாருக்கு 400 ரூபாய் தகராறு. முதலாளி என் கூலியில் பிடித்தார். இப்போது வேறு ஆள் ஏலம் கூறுகிறார். நான் ஓரமாக உட்கார்ந்து தார் எண்ணுகிறேன்.

4. பல் எடுத்த முதல் வருஷத்தில்தான் தாடை எலும்பு அதிகம் தேயுமாம், அதிலும் கீழ்த்தாடை வேகமாகத் தேயுமாம். தனியார் டாக்டர் சொன்னார். என்னை அலையவிட்ட மாதங்களில் தேய்ந்த எலும்பை யார் தருவார்கள் ஐயா? கீழே முன்பக்கம் எலும்பில் இரண்டு டைட்டானியம் இம்பிளான்ட், அதாவது செயற்கைப் பல் வேர், திருகி, அவை எலும்போடு பிடிக்கச் சில மாதம் பொறுத்து, மேலே செட்டை பிரஸ் பட்டன் மாதிரி மாட்டலாமாம். எகிறாதாம். 70,000 கேட்கிறார். வாய் நிறைய இம்பிளான்ட் நான் கேட்கவில்லை. இரண்டே இரண்டு.

5. ‘தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ இரண்டு தடவையும் இதே வரி. மருத்துவமனையில் கேட்டால் எதுவும் வரவில்லை என்கிறார்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போனாலும் பத்து நிமிஷம்தானே!

ஆகவே சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றுக்கு என்னைப் பரிந்துரைத்து, இரண்டு இம்பிளான்ட் வைக்க வழியுண்டா என்று பார்க்க உத்தரவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சீட்டு இணைத்துள்ளேன். இல்லையென்றால் இங்கேயே புதிதாக அளவெடுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். அதுவும் ஆகாதென்றால் ஆகாது என்று எழுத்தில் கொடுங்கள். கீழ் செட்டு ஐயா, கீழ் செட்டு மட்டும்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)