வடக்கு பக்கம் பாக்க ஒண்ணும் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல உயரமான கட்டடத்து மொட்டை மாடில இருக்குற ரெஸ்டாரன்ட் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் நல்லா இருந்துச்சு, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா கடைசில டிப்ஸ்னு ஒரு பெட்டி கட்டி அதுல "டேபிள் புக் பண்ணும்போது கிழக்கு இல்லனா தெற்கு பக்கம் கேளுங்க, வடக்கு பக்கம் பாக்க பெருசா ஒண்ணும் இல்ல"னு ஒரு வரி எழுதிட்டீங்களே, அதுக்காகத்தான் இந்த லெட்டர். நான் வடசென்னைல காலடிப்பேட்டை, எங்க அக்கா வீடு ராயபுரம். அந்த "ஒண்ணும் இல்ல"க்குள்ள தான் நாங்க இத்தனை பேரு குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கோம்.

நான் சும்மா ரோஷத்துல எழுதல. அப்படி ஒரு ஹோட்டலுக்கு நாங்களும் போயிட்டு வந்தவங்க தான். அக்கா பொண்ணுக்கு ஓஎம்ஆர்ல வேலை கெடைச்சு மொத சம்பளம் வந்ததும் எல்லாரையும் கூட்டிட்டு போனா. பேர் வேணாம், இருபது மாடிக்கு மேல, லிஃப்ட்ல ஏறும்போதே காது அடைச்சுக்கும். எங்களுக்கு கெடைச்சது நீங்க வேணாம்னு சொன்ன அதே வடக்கு பக்க டேபிள், ஏன்னா கிழக்கு பக்க ஜன்னல் ஓரத்துக்கு மட்டும் இவ்ளோ ரூபாய்க்கு குறையாம சாப்பிடணும்னு ஒரு மினிமம் வச்சிருக்காங்க. கடலுக்கு வாடகை வாங்குற ஊர் ஆயிடுச்சு நம்ம ஊரு.

சரி அந்த வடக்கு பக்கத்துல என்ன தெரிஞ்சுதுன்னு சொல்றேன். வெளிச்சம் இருக்கும்போதே போயிட்டோம். மொதல்ல வெள்ளையா ரிப்பன் மாளிகை, பக்கத்துலயே செகப்பா சென்ட்ரல் மணிக்கூண்டு. அதுக்கு கொஞ்சம் வலது பக்கம் ஹைகோர்ட் கோபுரம் எல்லாம் கும்பலா, அதுல ஒண்ணு மட்டும் ஒசரமா நிக்கும், அதுதான் 1894ல இருந்து 1977 வரைக்கும் இந்த ஊருக்கே கலங்கரை விளக்கமா இருந்துச்சு, மெரினால இப்ப இருக்குற லைட் ஹவுஸ் வந்தப்பறம் தான் அது அணைஞ்சுது. அதத் தாண்டுனா ஹார்பர் கிரேனுங்க வரிசையா. அதுக்கும் அந்தப் பக்கம் காசிமேடு. அப்பறம் மங்கலா மணலி, கடைசில எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு பவர் ஸ்டேஷன் புகைபோக்கிங்க. இருபத்தஞ்சு மாடி, அதாவது எண்பது மீட்டர் ஒசரத்துல இருந்து பாத்தா அடிவானம் முப்பது கிலோமீட்டருக்கு மேல போயிடும், மழை பெஞ்சு ஓஞ்ச நாளா இருந்தா எண்ணூர் தாராளமா உள்ள அடங்கும். இருட்டுனதும் இன்னும் ஜோர். தெற்கு பக்கம் வெறும் கார் லைட்டு தான் ஊர்ந்துக்கிட்டு இருக்கும், இந்தப் பக்கம் ஹார்பர் ஃபுல்லா மஞ்சள் வெளிச்சம், உள்ள வர முறைக்காக வெளிக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்குற கப்பலுங்க ஒவ்வொண்ணும் லைட்டு போட்டுக்கிட்டு தனித்தனியா, அந்தக் கோடில எண்ணெய் ரிஃபைனரில மிச்ச கேஸ எரிக்குற ஃப்ளேர் நெருப்பு. இதுக்கு மேல பாக்க என்ன வேணும் சார்?

இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். எங்க அக்கா வீட்டுக்காரர், மாமா, ஹார்பர்ல கிரேன் ஆபரேட்டரா இருந்து ரிடையர் ஆனவர். நாங்க எல்லாம் கண்ணாடில மூக்க ஒட்டிக்கிட்டு ஆ ஊன்னு கத்திக்கிட்டு இருக்கோம், அவர் அசையவே இல்ல, சூப்ப குடிச்சிக்கிட்டு "அது ரெண்டாவது நிக்குது பாரு, அதுக்கு அந்தாண்ட தான் என் வண்டி"ன்றார். யோசிச்சு பாத்தா எங்க எல்லாருக்கும் முன்னாடியே ஒசரத்துல உக்காந்து சாப்பிட்டவர் அவர் தான். கிரேன் கேபின் பத்து மாடி ஒசரம் இருக்கும், கப்பல் வேலை நடக்கும்போது சாப்பாட்டுக்குன்னு எறங்கி ஏறினா நேரம் போயிடும்னு அக்கா கட்டிக் குடுத்த புளி சோறும் கருவாட்டு வறுவலும் அங்கயே பிரிச்சு சாப்பிடுவாராம், காலுக்குக் கீழ கண்ணாடி, அதுக்குக் கீழ கன்டெய்னரு, சுத்தி கடல். சர்வர் பையன் வந்து "சார் வியூ எப்படி இருக்கு"ன்னு கேட்டான், மாமா "பரவால்லப்பா, ஆனா காத்து இல்ல"ன்னுட்டார். அவன் ஏசி கம்மியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ரிமோட்ட எடுக்க ஓடுனான்.

சாப்பாடு பத்தி ரொம்ப சொல்றதுக்கு இல்ல. கொடுவா மீன் ரெண்டு துண்டு, பெரிய தட்டுல நடுவுல வச்சு ஓரத்துல பச்சையா ஏதோ கோடு போட்டிருந்தாங்க. காசிமேட்டுல காலைல போயி பேரம் பேசி வாங்குறவங்களுக்கு அந்த விலைய பாத்தா வயித்தெரிச்சல் வரத்தான் செய்யும், விடுங்க. பில்லு மட்டும் உங்க வாசகருங்களுக்கு உபயோகப்படும், உங்க கட்டுரைல அத பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டிருந்தாங்க, அக்கா சண்டைக்கே போயிட்டா, ஓட்டல்ல 5 தானேன்னு. ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல வாங்குற பெரிய ஹோட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரன்டுன்னா 18 தான், அதுல அவங்க தப்பு இல்ல. ஆனா அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ்னு பத்து சதவீதம் தானா ஏத்தி இருந்தாங்க பாருங்க, அது நாம குடுத்தே ஆகணும்னு எந்த சட்டமும் இல்ல. 2022 ஜூலைல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத பில்லுல தானா சேக்கக் கூடாதுன்னு வழிகாட்டுதல் போட்டுச்சு, ஓட்டல்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் ஆணையம் சொன்னது சரிதான்னு சொல்லிடுச்சு. அக்கா பொண்ணு மேனேஜர கூப்ட்டு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் பண்ணவா சார்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா, நான் "ஏம்மா, வுடு"ன்னேன், "சித்தி நீங்க கொஞ்சம் சும்மா இருங்க"ன்னுட்டா. ரெண்டு நிமிஷத்துல வேற பில்லு வந்துச்சு.

இன்னொண்ணு, ராத்திரி எட்டு மணிக்கு டேபிள் போட்டு போறவங்களுக்கு சொல்றேன், அந்த நேரத்துல உள்ள லைட்ட பளிச்சுன்னு போட்டு வச்சிருந்தா கண்ணாடில உங்க மூஞ்சியும் பின்னாடி டேபிள்காரர் மூஞ்சியும் தான் தெரியும், ஊர் தெரியாது. அஞ்சரை மணிக்கு போயி உக்காந்துடணும். அப்பறம் நம்ம ஊர்ல சூரியன் கடல்ல விழாது, மேக்கால தான் விழும், கடல் பக்கம் டேபிள் வாங்கிட்டு சன்செட்டுக்கு காத்துக்கிட்டு இருந்த ஒரு ஜோடிய பாத்தோம், பாவம்.

நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வரேன். வடசென்னைய வியூவா எல்லாரும் பாக்குறாங்க, காசு வாங்கிக்கிட்டு காட்டுறாங்க, ஆனா வடசென்னைல இருக்குறவன் தன் ஊர மேல இருந்து பாக்க ஒரு எடம் கெடையாது. தெரிஞ்சவங்க அபார்ட்மென்ட்ல இருந்தா ஏறி பாக்கலாம், பெரம்பூர்ல பின்னி மில் இருந்த எடத்துலயே பெரிய பெரிய டவரா எழுப்பிட்டாங்க, ஆனா அதுக்குள்ள செக்யூரிட்டி யாரையும் விட மாட்டான். எங்க பசங்களுக்கு இருக்குறது மெட்ரோ மட்டும் தான், தண்டையார்பேட்டை வரைக்கும் பூமிக்கடில போற ரயிலு புதுவண்ணாரப்பேட்டை கிட்ட மேல ஏறும் பாருங்க, அங்க இருந்து விம்கோ நகர் வரைக்கும் கொழந்தைங்க ஜன்னல விட்டு நகராதுங்க, மொட்டை மாடி தண்ணி டேங்குங்களுக்கு நடுவுல எங்கயாவது கடல் எட்டிப் பாக்கும். ஆனா மெட்ரோவுல சாப்பிட விட மாட்டாங்களே.

எங்க மொட்டை மாடில சாப்பிடலாமேன்னு கேப்பீங்க. ராயபுரம் ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய ஆளுங்கள கேளுங்க, ஹார்பர்ல நிலக்கரி எறக்கிக்கிட்டு இருந்த காலத்துல மாடில துணி காயப்போட்டா வெள்ளை வேட்டி சாம்பல் கலர்ல வரும், பௌர்ணமிக்கு நிலாச்சோறு சாப்பிட மாடிக்கு போனா தட்டுல கரித்தூசி ஒக்காந்துக்கும். 2011ல ஹைகோர்ட் சொல்லி தான் சென்னை ஹார்பர்ல நிலக்கரியும் இரும்புத் தாதும் நின்னுச்சு. நிலக்கரி எண்ணூருக்கு போயிடுச்சு, எங்க தட்டு சுத்தமாச்சு, அவங்க தட்டுல விழுந்துச்சு, அது தனி கதை.

பிராட்வே பஸ் ஸ்டாண்ட், குறளகம் எடத்துல பல அடுக்கு கட்டடம் கட்டப்போறதா அரசு அறிவிச்சிருக்கு இல்லையா, அந்தக் கட்டடத்தோட மேல் மாடிய கடைக்கோ ஆபீசுக்கோ விட்டுடாம பொதுமக்கள் உக்காந்து சாப்பிடுற எடமா விடணும், இதான் என் கோரிக்கை. பாரிமுனைல இருந்து எட்டு பத்து மாடி போதும், ஹார்பர் கைக்கெட்டுற தூரத்துல, ஹைகோர்ட் கோபுரம் கண்ணுக்கு நேரா, தெக்கால கோட்டை கொடிமரம், மேக்கால சென்ட்ரல். இருபது மாடி ஹோட்டல்ல இருந்து பாக்குறத விட இது கிட்டக்க தெரியும்.

அங்க யார் சமைக்கணும்னும் சொல்லிடுறேன். ஒரு பக்கம் அம்மா உணவகம், ஒரு ரூபாய் இட்லிய கடல் பாத்துக்கிட்டு சாப்பிட்டா என்ன கொறைஞ்சு போச்சு? அங்க எப்படியும் மகளிர் குழு பொம்பளைங்க தான் நடத்துறாங்க, அவங்களுக்கும் வியர்வைக்கு கொஞ்சம் காத்து கெடைக்கும். இன்னொரு பக்கம் பர்மா பஜாருக்கு பின்னாடி செகண்ட் லைன் பீச் ரோடுல அத்தோங்குற பர்மா நூடுல்ஸ் போடுறவங்களுக்கு நாலு கடை. அறுபதுகள்ல பர்மால இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு கப்பல்ல வந்து எறங்குன குடும்பங்க கொண்டு வந்த சாப்பாடு அது, கப்பல் வந்த கடலப் பாத்துக்கிட்டே சாப்பிடுறது தானே மொறை. ஆரஞ்சு கலர் நூடுல்ஸ், நறுக்குன கோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, மொளகாத்தூள், எலுமிச்சை பிழிஞ்சு கையாலயே பெசஞ்சு ஒடச்ச பேஜோங்குற மொறுமொறு தட்டைய மேல தூவி தருவாங்க, கூட சுடச்சுட வாழைத்தண்டு சூப். அந்த ஸ்டார் ஹோட்டல்ல சாப்பிட்ட எதுவும் எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, ஆனா இத எழுதும்போதே எச்சில் ஊறுது.

அடுப்ப மட்டும் மேல வைக்க வேணாம். எல்ஐசி கட்டடம் 1975ல தீப்பிடிச்சு எரிஞ்சத இன்னிக்கும் பேசுற ஊரு இது, கேஸ் சிலிண்டர் எல்லாம் மேல ஏத்தாம கீழ சமைச்சு லிஃப்ட்ல அனுப்பலாம், அத்தோவுக்கு எப்படியும் சூப் சூடா வச்சுக்க தான் அடுப்பு வேணும், அதுக்கு கரண்ட் அடுப்பு போதும். எறங்குற படி ரெண்டு பக்கமும் இருக்கணும், அத பூட்டி வச்சிட்டு சாமான் அடுக்கக் கூடாது. கண்ணாடி போட்டு மூடாதீங்க, பாதி எடமாவது தெறந்து இருக்கட்டும், கோடைல மத்தியானத்துக்கு மேல கடல் காத்து திரும்புச்சுன்னா ஏசிக்கு வேலையே இல்ல.

ஹார்பர், கோட்டை, கோர்ட் எல்லாம் தெரியுது, பாதுகாப்பு பிரச்னைன்னு யாராவது ஃபைல்ல எழுதுவாங்க, எனக்குத் தெரியும். மெரினா லைட் ஹவுசையும் அப்படி சொல்லி தான் பல வருஷம் மூடி வச்சிருந்தாங்க, 2013ல தெறந்தாங்க, இன்னிக்கு ஸ்கூல் பசங்க எல்லாம் டிக்கெட் வாங்கி ஏறிட்டு வராங்க. அதுவும் இல்லாம அஞ்சாயிரம் ரூபா பில்லு கட்டுறவன் இதே ஹார்பர தெனமும் பாத்துக்கிட்டு தானே இருக்கான்? அவன் பாத்தா வராத ஆபத்து மூலக்கொத்தளத்துல இருந்து வர்றவன் இட்லி சாப்பிட்டுக்கிட்டே பாத்தா வந்துடுமா?

அழகா இல்லாததும் தெரியும் தான். கொடுங்கையூர் குப்பை மேடு தெரியும், மணலி பொகை தெரியும், 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் கலந்து வந்து படகும் வலையும் கருப்பான எண்ணூர் முகத்துவாரம் இருக்குற தெசை தெரியும். தெரியட்டுமே. அதிகாரிங்க மாசம் ஒரு மீட்டிங்க அங்க மேல வச்சு டீ குடிக்கட்டும்னு தான் நான் சொல்றேன்.

கட்டடம் இன்னும் எழும்பல, இப்ப சொன்னா தான் பிளான்ல மாத்த முடியும், அதனால உங்க நிருபர் யாரையாவது அனுப்பி சம்பந்தப்பட்டவங்கள கேட்டு ஒரு செய்தி போடுங்க. அந்த வடக்கு பக்க வரிக்கும் ஒரு சின்ன திருத்தம் போட்டா சந்தோஷம். மேல ஏற டிக்கெட்டு வச்சாங்கன்னா ரிடையர்டு ஹார்பர் ஆளுங்களுக்கு பாதி காசு தான் வாங்கணும்னு எங்க மாமா கட்டாயம் எழுதச் சொன்னார், எழுதிட்டேன்.

இப்படிக்கு,
காலடிப்பேட்டை வாசகி