பாகவதர் செய்தாரா? சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

புரசைவாக்கம் கல்யாணத்தில், பாடகரும் நடிகருமான தியாகராஜ பாகவதர் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்குக்கு, பந்தியில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொல்லிவிட்டீர்கள். "நெருப்பில்லாமல் புகையுமா? பாகவதர்தான் ஆள் வைத்துச் செய்தார்." எதிர் வரிசையிலிருந்து பெரியப்பா, "அந்தக் குரல் வாய்த்தவர் கொலைக்குப் போவாரா?" என்றார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. புகையும் சாட்சி இல்லை, குரலும் சாட்சி இல்லை.

நாம் சாப்பிட்ட மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் வேப்பேரி. 1944 நவம்பர் 8 அன்று ரிக்‌ஷாவில் போன பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனை அங்கேதான் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 'இந்து நேசன்' பத்திரிகையில் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிக் கிழித்தவர் அவர். அதனால் அவர்மேல் யாருக்குக் கோபம் என்று கேட்டால், பாதி கோடம்பாக்கத்தையே கைது செய்திருக்க வேண்டும்! காரணம் இருந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல முடியுமா?

1945இல் ஜூரிகள் முன் விசாரணை நடந்து பாகவதருக்கும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களோடு குற்றம் சாட்டப்பட்ட சினிமா இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். மேல்முறையீடு, அப்போது கடைசி முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயிலில் போய்விட்டது. பாகவதர் உள்ளே இருந்த காலத்திலும் பிராட்வே தியேட்டரில் அவர் நடித்த 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டேயிருந்தது. கொலைகாரர் என்று பேசிய அதே ஊர்தான் டிக்கெட்டும் வாங்கியது.

நீங்கள் அடிக்கடி சொல்லும் அந்த அப்ரூவர் விஷயத்துக்கு வருகிறேன். 'குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு' என்று ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புக்கு வருபவர் அவர். தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவரை இழுத்துவிட அவருக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் அவர் சொல்வதை வேறு சாட்சியம் தாங்குகிறதா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கதை கோர்வையாக இருந்தால் மட்டும் போதாது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இருவருக்கும் ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. கலைவாணர் வெளியே வந்து மறுபடி எல்லோரையும் சிரிக்க வைத்தார், ஊரும் சிரித்தது. பாகவதருக்குப் பழைய வெற்றி திரும்பவில்லை. 1959இல் போய்ச் சேர்ந்தார். ரசனை மாறியதும் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஆள் வைத்துச் செய்தார்" என்று நீங்கள் கலைவாணரைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லையே, ஏன் சித்தப்பா?

லட்சுமிகாந்தனை நல்லவர் என்று நான் வாதாடவில்லை. ஆனால் செத்தது அவர். குத்தச் சொன்னது யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. நம் வீட்டுச் சண்டையில் அவர் பெயரே வருவதில்லை.

அடுத்த முறை பேச்செடுத்தால், அப்ரூவர் சொன்னதை எந்தச் சாட்சியம் தாங்கியது என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் பாகவதரைத் திட்டலாம், கேட்டுக்கொள்கிறேன்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் அண்ணன் மகன்