தொடக்கநிலை ஆசிரியர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வகுப்பறைக்குள் நடந்ததை நான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பாடத்தில் ஆர்வம் வர, அவர்களையும் பேசவும் செய்யவும் விடும் முறைகளை முயல்வது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். உடனே அட்டை, பகடை, வண்ணத்தாள் என்று வாங்கிக் குவித்தோம். முதல் பருவம் முழுக்க ஒரே கும்மாளம். ஆனால் "இன்று என்ன கற்றோம்?" என்று கேட்டால், யார் ஜெயித்தார்கள் என்பதைத்தான் சொன்னார்கள். என் வகுப்பும் இதில் சேர்த்திதான்.

அப்புறம்தான் காசில்லாத ஒரு வழிக்கு வந்தோம்: கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ இதை 1970-களிலேயே அளந்து காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் கேட்டபின் சுமார் 1 நொடிதான் பொறுக்கிறார்கள். அதை 3 நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். வகுப்பின் முன் நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரிகிறது.

பின்னம் நடத்தும்போது, "மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா?" என்று கேட்டேன். 4 பெரிய எண் என்பதால் நான்கில் ஒன்று என்றே பலரும் கத்தினார்கள். முன்பானால் தவறு என்று சொல்லிக் கரும்பலகைக்குத் திரும்பியிருப்பேன். இம்முறை ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் கொடுத்து, மடித்துப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மடிப்பு கூடினா துண்டு சின்னதாயிடுது சார்!" நான் விளக்க ஒன்றும் மிச்சமில்லை.

பதில் வந்த பிறகும் பொறுக்க வேண்டும் என்பது ரோ சொன்ன இன்னொரு பாதி. அதில் நாம் தேறவில்லை. "சரி, வெரிகுட்" என்று வாய் முந்திக்கொள்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் தொடங்கிய ஜிக்சா முறையையும் முயன்றோம். ஆளுக்கொரு பகுதியைப் படித்துக் குழுவுக்குச் சொல்லித்தர வேண்டும். சரளமாக வாசிக்கும் வயதில் நன்றாகப் போனது. முதல் இரண்டு வகுப்புகளில் படுத்துவிட்டது. அங்கே அதைத் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வகுப்பு ஆசிரியர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டில் ஒருவர் வகுப்பில் மற்றொருவர் உட்கார்ந்து, கேள்விக்குப்பின் எத்தனை நொடி பொறுக்கிறோம் என்று குறித்துத் தரலாம். முதலில் என் வகுப்புக்கே வாருங்கள். அறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்