கொழுப்புக் கல்லீரலுக்கு எதற்கு 'எதிர்ப்புச் சக்தி' பொடி?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்ததும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடியையும் டானிக்கையும் தேடி ஓடுகிறார்கள். இந்த நோயில் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை, அடங்க மறுக்கிறது. சிக்கலே அதுதான்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகக் குடல் பக்கமிருந்து வருகிறது. அதோடு வரும் கிருமித் துணுக்குகளை விழுங்குவது, கல்லீரலிலேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்களின் அன்றாட வேலை. கொழுப்பு முட்டிச் சிதையும் கல்லீரல் செல்களின் கசிவும், குடலிலிருந்து கூடுதலாக வரும் பாக்டீரியா நச்சும் அவற்றை உசுப்பிவிடுகின்றன. அவை டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரந்து, ரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களையும் கூப்பிடுகின்றன. தொற்றென்றால் கிருமி ஒழிந்ததும் படை கலையும். இங்கே ஒழிக்கக் கிருமியே இல்லை. கொழுப்பு இருக்கும்வரை கூப்பாடு ஓயாது. இந்த இரைச்சலில் கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் ஸ்டெல்லேட் செல்கள் விழித்துக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்க, தழும்பு படிகிறது. முற்றினால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிக் கெட்டிப்படுவது.

அப்படியானால் எதிர்ப்பை அடக்கிவிடலாமே? மோனோசைட்டுகள் வந்து குவிவதைத் தடுக்கும் செனிக்ரிவிராக் மருந்தில் அதைத்தான் முயன்றார்கள். பலனில்லை என்று 2021-இல் மூன்றாம் கட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். படிந்த தழும்பைக் கரைப்பதிலும் மேக்ரோபேஜ்களுக்கு (குப்ஃபர் செல்களும், வந்து குடியேறும் மோனோசைட்டுகளும் இந்த விழுங்கும் செல் வகைதான்) பங்கு உண்டே! ஸ்டீராய்டும் உதவாது, சர்க்கரையையும் கொழுப்பையும் அதுவே ஏற்றும்.

அல்ட்ராசவுண்ட் அறிக்கையின் 'கிரேடு 1, 2, 3' கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பை அல்ல. தழும்பை முதலில் கணிக்க, ரத்தப் பரிசோதனை அளவுகளை வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கு போதும்: வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்குங்கள், ஏஎல்டியின் (இரண்டும் கல்லீரல் நொதிகள்) வர்க்கமூலத்தை, ஆயிரங்களில் சொன்ன பிளேட்லெட் எண்ணிக்கையால் (1,80,000 என்றால் 180) பெருக்கி, அதனால் வகுங்கள். வயது 52, ஏஎஸ்டி 48, ஏஎல்டி 64, பிளேட்லெட் 1,80,000 என்றால் 2496-ஐ 1440-ஆல் வகுக்க, 1.73. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு (65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2.0). அதற்கு மேலே போனால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவை. ஏஎல்டி இயல்பாக இருக்கிறது என்று மட்டும் நிம்மதியடைய வேண்டாம்.

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கும்; அழற்சி தணிய 7 முதல் 10 சதவீதம் வேண்டும். அதற்காகப் பட்டினி கிடந்து ஒரேயடியாக இளைத்தால், உடற்கொழுப்பு உருகிக் கல்லீரலில் கொட்டி, அழற்சி கூடவும் செய்யலாம். பொடிகளிலும் ஆபத்து உண்டு: சீந்தில் என்ற மூலிகையைச் சாப்பிட்டவர்கள் சிலருக்கு எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
கல்லீரல் மருத்துவர் ஒருவர்