கேஷ் என்று இரண்டு சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் சிறுவர் பகுதியில், ஆங்கிலத்தில் உள்ள ‘கேஷ்’ நம் ‘காசு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. என் பேத்தி அதைப் பள்ளிக் கட்டுரையில் எழுதினாள். ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, ‘தவறு, பிரெஞ்சுச் சொல்’ என்று ஓரத்தில் குறித்துவிட்டார். குழந்தை அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. 31 ஆண்டுகள் வங்கியில் பணம் எண்ணியவன் நான். என் கூண்டின் மேல் தொங்கிய பலகையில் ‘காசாளர்’ என்றும் ‘கேஷியர்’ என்றும் இரண்டும் எழுதியிருக்கும். இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் கேஷ் ஒரு சொல் அல்ல, இரண்டு. நல்ல அகராதிகளில் தனித்தனியாகவே இருக்கின்றன. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம், பெட்டி என்று பொருள்படும் ‘காப்ஸா’ என்ற லத்தீன் சொல். அது இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் பணப்பெட்டியாகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு பெட்டியின் பெயரே உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ஆகுபெயர் படித்த நமக்கு இது புதிதா என்ன? கேஷியர் இந்தக் குடும்பம்தான். (படை அதிகாரியை இழிவுபடுத்திப் பதவி நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்பார்கள். அது வேறு வேர். பெட்டிக்கும் அதற்கும் உறவில்லை.)

இன்னொரு கேஷ் நம்முடையது. காசு போர்ச்சுகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் கேஷ் ஆனது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த கணக்கு இது: 80 காசு ‘பணம்’ என்ற நாணயம் ஒன்று, 42 பணம் ‘வராகன்’ என்ற பொன் நாணயம் ஒன்று. அதாவது வராகனுக்கு 3,360 காசு. என் தந்தையார் விட்டுச்சென்ற தகர டப்பாவில் 1808ஆம் ஆண்டின் செப்பு நாணயம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ஆங்கிலத்தில் ‘இருபது கேஷ்’. இங்கிலாந்தில் அடித்து, கப்பலேற்றி இங்கே அனுப்பிய நாணயத்தில் நம் சொல்! நடுவில் சதுர ஓட்டையுள்ள சீன நாணயங்களையும் ஆங்கிலேயர் இதே பெயரால்தான் அழைத்தார்கள். கொற்கையும் புகாரும் பார்த்த சொல் சீன நாணயத்துக்கும் பெயராயிற்று என்பதை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

வேப்பம்பழத்தை அலகில் பற்றிய கிளியை, பொற்காசைக் கோக்க விரலில் பிடித்திருப்பவரோடு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 67ஆம் பாட்டு. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கே நாள், மலர், காசு, பிறப்பு என்றுதானே வாய்பாடு! இவ்வளவு பழைய சொல்லுக்கு இரவல் பெருமை எதற்கு? தாங்கள் ஒரு பாதியை முழுமையாக்கினீர்கள், ஆசிரியை மறுபாதியை. இடையில் அழுதது பத்து வயதுக் குழந்தை.

வரும் ஞாயிறு அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு கேஷையும் வெளியிட வேண்டுகிறேன். கத்தரித்து ஆசிரியையிடம் காட்டப் பேத்தி காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
கும்பகோணம்