உத்தரவு சொல்ல

பாளையங்கோட்டை,
புதன் இரவு.

அன்புள்ள ஜெபராஜுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்ததால் இன்றுதான் உட்கார முடிந்தது. உன் மனைவிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். கர்த்தருக்கு நன்றி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். வருகிற மே மாதத்தோடு பள்ளிக்கூடமும் முடிகிறது. முப்பத்தி மூன்று வருஷம் சாக்பீஸ் பிடித்த கை இனி என்ன செய்யப்போகிறதோ தெரியவில்லை.

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். அதை நான் நாலு தடவை படித்தேன்.

கோயம்புத்தூரில் படிக்கிற உன் இளையவள் லீவுக்கு வந்தபோது சாப்பாட்டு நேரத்தில் கேட்டாளாமே, "அப்பா, பைபிளில் எந்தெந்தப் புத்தகம் இருக்கணும்னு ரோம ராஜா கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்தித்தான் முடிவு பண்ணினாராமே, ஹாஸ்டலில் சொல்றாங்க" என்று. நீ, "இதெல்லாம் சாத்தான் போடுகிற கேள்வி, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டாய். அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகக் கோயிலுக்கு வந்தாள், மனசுக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய்.

அவள் பேசாமல் இருந்தது உனக்கு நிம்மதி. எனக்கு அதுதான் பயம், ஜெபராஜ். ஏன் என்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். யோசுவா பத்தாம் அதிகாரம், சூரியன் தரித்து நின்ற பாடம். யாரோ அனுப்பிய ஒரு செய்தியை நம்பி, "நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டபோது ஒரு நாள் குறைந்தது, அது யோசுவாவின் நாள்தான் என்று கண்டுபிடித்தார்கள்" என்று ரொம்ப உற்சாகமாகச் சொல்லிவிட்டேன். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கி, "சார், எந்த வருஷம்?" என்று கேட்டான். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் அவனே போனில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று நாசாவே மறுத்திருந்தது. நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் காணாமல்போன நாளைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு அந்த நாளுக்கு முன்னால் சூரியன் எங்கே இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அவனிடம், "விசுவாசம்தான் முக்கியம் தம்பி, அடுத்த வாரம் பேசலாம்" என்றேன். அடுத்த வாரமும் பேசவில்லை, அதற்கடுத்த வாரமும் பேசவில்லை.

போன வருஷம், சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு அவன் வந்திருந்தான். ஓசூரில் வேலை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தானாம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். குழம்பு வாளி எங்களைத் தாண்டிப் போன பிறகு, கோயிலுக்கெல்லாம் போகிறாயா என்று மெதுவாகக் கேட்டேன். இல்லை சார் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, இலையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நீங்க தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லியிருந்தா போதும் சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ராத்திரிதான் பேதுருவின் வசனத்தைத் திரும்ப எடுத்தேன். நாம் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியதுதான். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இதில் "உத்தரவு" என்ற சொல்லை இன்றைக்கு ஒரு பிள்ளையிடம் கேட்டால் கட்டளை, கவர்மென்ட் ஆர்டர் என்றுதான் சொல்லும். பழைய தமிழில் அது பதில். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் அப்பொலொகியா. கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவன் எழுந்து நின்று தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வதற்குப் பெயர் அது. நாமோ சொல்லின் அர்த்தம் மாறினதோடு நாமும் மாறிவிட்டோம். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உத்தரவு போடுகிறோம். கேட்காதே, ஜெபம் பண்ணு, நம்பு.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்று தெரியும். கடிதத்திலும் எழுதியிருக்கிறாய்: "நம் பாட்டிமார் எந்த வாதத்தைப் படித்தார்கள்? எழுத்தே தெரியாது, ஆனாலும் அவர்கள் விசுவாசம் நமக்கு உண்டா?" இல்லைதான். என் பாட்டி பதநீர் காய்ச்சிக்கொண்டே ஞானப்பாட்டுப் பாடுகிற குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அவளிடம் பதில் இல்லாமல் இருந்ததா? பிறவிக் குருடன் பரிசேயரிடம், "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்" என்றானே, அதைப்போல அவளைக் கேட்டவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது. அவளை யாரும் கான்ஸ்டன்டைனைப் பற்றிக் கேட்கவில்லை. உன் மகளைக் கேட்கிறார்கள். பாட்டியின் பதிலை வைத்து உன் மகள் எத்தனை நாள் ஓட்டுவாள்?

இன்னொன்றும் யோசித்துப் பார். பேதுரு அதை எழுதியது வேதசாஸ்திரிகளுக்கு அல்ல. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று சிதறிக் கிடந்த சாதாரண ஜனங்களுக்கு. முரட்டு எஜமானுக்கு வேலை செய்கிற வேலைக்காரருக்கும் அதே நிருபத்தில்தான் புத்தி சொல்கிறார். அவர்களைப் பார்த்து ஆயத்தமாயிருங்கள் என்றால், பி.காம். படித்து பாங்கில் வேலை பார்க்கிற உன்னைப் பார்த்து என்ன சொல்வார்?

பவுலையும் பார். தெசலோனிக்கேயில் மூன்று ஓய்வுநாள் வேதவாக்கியங்களை வைத்து யூதரோடே சம்பாஷித்தார். ரோம தேசாதிபதி பெஸ்து, "பவுலே, நீ பிதற்றுகிறாய்" என்று சத்தம் போட்டபோது, "சத்தியமும் சொஸ்தபுத்தியுமுள்ள வார்த்தைகளைப் பேசுகிறேன்" என்றார். சொஸ்தபுத்தி, அதாவது தெளிந்த புத்தி! எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. கொரிந்தியருக்கு எழுதும்போது, உயிர்த்தெழுந்த கிறிஸ்து ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்களுக்கு ஒரேவேளையில் தரிசனமானார், அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்கிறார். அந்த நிருபம் எழுதப்பட்டது கி.பி. 55 வாக்கில். சிலுவைப்பாடு நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. "போய் விசாரித்துக்கொள்" என்று சொல்கிற ஆளின் பேச்சு அது. விசாரணைக்குப் பயந்தவன் அப்படி எழுத மாட்டான்.

நம் தமிழிலேயே இந்தச் சரித்திரம் பெரிது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி தமிழைக் கற்று, மார்க்கத்தின்மேல் சொல்லப்பட்ட பழிகளுக்குப் பதிலாகத் தமிழ் உரைநடையிலேயே "தூஷண திக்காரம்" எழுதினார். கத்தோலிக்கர் என்பதாலோ என்னவோ நம் பக்கத்தில் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைவிட எனக்கு உறைத்தது நல்லூர் ஆறுமுக நாவலர் கதை. அவர் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர், அங்கேயே ஆசிரியராக இருந்தவர், பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவி செய்தவர். பிறகு 1854-ல் மிஷனெரிகளுக்கு மறுப்பாக "சைவதூஷண பரிகாரம்" வெளியிட்டார். நீங்கள் கேலி செய்கிற கோயில், விளக்கு, தூபம், பலி எல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறதே என்று வசனம் வசனமாக எடுத்து வைத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. லேவியராகமத்தையும் எபிரெயர் நிருபத்தையும் சேர்த்து வாசித்து, பலி ஏன் இருந்தது, ஏன் முடிந்தது என்று அறிந்தவன்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். இன்றைக்கு நம் சபையில் நாவலர் வந்து உட்கார்ந்து கேட்டால், போதகர் ஐயரவர்களைத் தவிர யார் வாயைத் திறப்போம்? இன்னொருவருடைய பக்தியைக் கேலி பண்ணினால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் புத்தகம் நமக்குச் சொல்கிறது. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று பேதுரு எழுதியதை அன்றைய மிஷனெரிகள் பலர் விட்டுவிட்டார்கள்.

இப்போது உன் மகள் கேட்ட கேள்வி. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீயே அவளிடம் சொல். அந்த ஓட்டெடுப்பு நடந்ததாகச் சொல்லப்படுகிற நிசேயா சங்கம், அதாவது பிஷப்மார் கூட்டம், கூடியது 325-ல். இன்றைய துருக்கியில் இருக்கிற ஊர். கூட்டினது கான்ஸ்டன்டைன் என்பது உண்மை. ஆனால் அங்கே நடந்த பெரிய வழக்கு ஆரியு என்பவர் போதித்ததைப் பற்றியது, குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, உண்டாக்கப்பட்டவரா என்பது. சங்கம் போட்ட விதிகள் இருபதும் இன்றுவரை இருக்கின்றன, அவற்றில் வேதாகமப் புத்தகப் பட்டியல் கிடையாது. அதற்கு நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே, 180 வாக்கில், லியோன் நகரத்து பிஷப் இரேனேயு சுவிசேஷங்கள் நாலுதான், கூடவும் முடியாது குறையவும் முடியாது என்று எழுதிவிட்டார். இன்று நம் கையில் இருக்கிற புதிய ஏற்பாட்டுப் புத்தகங்கள் இருபத்தேழையும் அப்படியே வரிசைப்படுத்தி அலெக்சாந்திரியாவின் பிஷப் அத்தனாசியு கடிதம் எழுதியது 367-ல், சங்கம் முடிந்து நாற்பத்திரண்டு வருஷம் கழித்து. ராஜா ஓட்டெடுத்தார் என்பது பின்னால் வந்த கதை.

ஆனால் இதோடு நிறுத்திவிடாதே. எபிரெயர், இரண்டாம் பேதுரு, யூதா, வெளிப்படுத்தல் போன்றவற்றைப் பற்றிச் சபைகளுக்குள் நீண்டகாலம் கருத்து வேறுபாடு இருந்தது என்பதையும் சொல். மாற்கு கடைசி அதிகாரத்தில் ஒன்பதாம் வசனம் முதல் இருபது வரை மிகப் பழைய இரண்டு கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்பதையும் சொல். இதை நாம் சொல்லாவிட்டால் ஹாஸ்டலில் எவனாவது சொல்வான், "உங்க அப்பா இதை மறைச்சிட்டார்" என்ற சேர்மானத்தோடு. அப்புறம் நாம் சொன்ன நல்லதும் சேர்ந்து போய்விடும்.

எல்லாவற்றுக்கும் வாதம் பதில் அல்ல என்பது எனக்கும் தெரியும். 2004 டிசம்பரில் நாம் ரெண்டு பேரும் மணக்குடிக்கு அரிசி மூட்டையோடு போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பாலம் போய்விட்டது, சுற்றிக்கொண்டு போனோம். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், கிறிஸ்துமசுக்கு எடுத்த புதுச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆண்டவர் எங்க போனாரு?" என்று கேட்டாள். நம்மோடு வந்த ஒருவர் பாவம், நியாயத்தீர்ப்பு என்று விளக்க ஆரம்பித்தார். நீதான் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாய். திரும்பி வந்து அந்த அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் தவறிப்போனார்கள். அதை நீ யாரிடமும் படிக்காமலே அறிந்திருந்தாய். அதனால்தான் உன்னிடம் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன். எப்போது பேசக்கூடாது என்று தெரிந்தவன், எப்போது பேச வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்தத் தாய்க்கு ஆள் வேண்டியிருந்தது. உன் மகளுக்குப் பதில் வேண்டியிருக்கிறது.

எங்கள் சபையில் ஐயரிடம் கேட்டு, மாதத்தில் இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்கு அப்புறம் பெரிய பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காருகிறேன். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், பேர் எழுதாமல் சீட்டில் எழுதியும் போடலாம். முதல் மாதம் மூன்று சீட்டுதான் வந்தது. போன மாதம் பத்தொன்பது. ஒன்றில், "என் சிநேகிதி இந்து, ரொம்ப நல்லவள், அவளுக்கு என்ன ஆகும்?" என்று இருந்தது. அந்தச் சீட்டு இன்னும் என் பைபிளுக்குள்தான் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு முழுப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை. ஓசூர்ப் பையனுக்கும் நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். நாசா விஷயத்தில் தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு வருகிறேன். அவள் லீவு முடிந்து கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதுவரைக்கும் கேட்க நினைப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல். நீ வாசிக்க மாட்டாய் என்றும் சொல்லிவிடு, அப்போதுதான் எழுதுவாள். மத்தியானம் மரச்சீனியும் மீன் குழம்பும் போதும், வேறு எதுவும் செய்து வீட்டில் சிரமப்பட வேண்டாம்.

அன்புடன்,
தேவதாஸ்