நெடுந்தீவுக் குதிரைகளும் கிணற்றடித் தொட்டிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை வந்தால், யாழ்ப்பாணத்தை அடுத்துக் கடலில் உள்ள நெடுந்தீவின் குதிரைகள் தண்ணீரின்றிச் சாகும் படங்கள் பத்திரிகைகளில் வெளிவருவதும், சில கிழமைகளுக்கு இரக்கமும் கண்டனமும் நிறைந்த கடிதங்கள் தொடர்வதும், மழை தொடங்கியதும் பேச்சு அடங்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. தீவின் மேற்குப் பக்கத்தில் சிறிய வளவொன்றில் ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவற்றோடு இந்தக் குதிரைகளையும் அன்றாடம் கண்டு வாழ்பவன் என்ற முறையில், அக்கடிதங்களில் இடம்பெறாத ஒரு விடயத்தைத் தங்கள் வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். இக்குதிரைகளிற் பல கோடையைத் தாண்டுவது குடியிருப்பு வளவுகளின் கிணற்றடித் தொட்டிகளை நம்பித்தான். அத்தொட்டிகள் குறைந்துகொண்டு போகின்றன என்பதே என் கவலை.

போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவை என்று கருதப்படும் இந்த மட்டக்குதிரைகளை ஒல்லாந்தர் இத்தீவிலேயே இனம்பெருக்கி வளர்த்தனர். அவர்கள் காலத்துக் குதிரை லாயத்தின் கல் தூண்களை இன்றும் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி இங்கே தங்கியிருந்து அவ்வளர்ப்பைத் தொடர்ந்து நடத்தினார். பின்னர் கவனிப்பாரின்றித் தரவை எனப்படும் திறந்த மேய்ச்சல் வெளியில் விடப்பட்டவற்றின் வழிவந்தவையே இன்றுள்ளவை. ஆறோ ஓடையோ இல்லாத இந்தத் தட்டையான சுண்ணாம்புக்கல் தீவில், மனிதர் தோண்டிய கிணறும் கேணியும் இல்லாமல் குதிரை போன்ற பெரிய விலங்கு ஆனி, ஆடி, ஆவணியைக் கடப்பது மிகக் கடினம். ஆகவே இவற்றை ஆளில்லாக் காட்டு விலங்குகளாக எண்ணித் திட்டம் போடுவோர் முதலடியிலேயே வழி தவறுகின்றனர்.

கோடையில் ஒரு வளவின் பிற்பகல் எப்படி இருக்கும் என்று சொன்னால் நான் கூறவருவது விளங்கும். வெயில் சற்றுத் தணிந்ததும் ஆடுகள்தாம் முதலில் தொட்டிக்கு வரும். கன்றுக்குட்டியோடு மாடு அதன் பின்னால் வரும். இவ்வளவு நேரமும் குதிரைகள் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிக்கு அப்பால், காற்றுக்கு முதுகைக் காட்டியபடி, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்கும். படலை திறக்கும் ஓசை கேட்டதும் கூட்டத்தின் மூத்த பெண்குதிரை முதலில் அடியெடுத்து வைக்கும். குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆண்குதிரை இறுதிவரை வெளியே நின்று, அண்டிவரும் இன்னொரு ஆண்குதிரையைக் காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு விரட்டும். எங்கள் நாய் அந்நியர் எவர் வந்தாலும் குரைப்பதுண்டு, ஆனால் குதிரைகள் தண்ணீர் குடிக்கும்போது தொட்டியடியை விட்டுத் தானாகவே விலகிப் பூவரசின் கீழ்ப் போய்ப் படுத்துவிடும். ஒருநாள் உதை வாங்கிய அனுபவம் அதற்கு உண்டு என்பது என் ஊகம். பூனை எதையும் பொருட்படுத்தாமல் வேலிக்கல்லின் மேலேயே இருக்கும்.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அதற்கான உழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறிய மட்டக்குதிரை ஒன்று வெப்பமான நாளில் 10 முதல் 20 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். பால் கொடுக்கும் பெண்குதிரைக்கு அதற்கும் மேல் வேண்டும். பத்துக் குதிரைகள் கொண்ட கூட்டமொன்றுக்கு 10 லீற்றர் வாளியால் அள்ளினால் பத்து முதல் இருபது வாளிகள்; சொந்த ஆடுமாடுகளுக்கும் வீட்டுத் தேவைக்கும் அள்ளுவது வேறு. முதியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீட்டில் இதை யார் செய்வது?

மின்மோட்டார் பூட்டினால் ஆயிற்று என்று வெளியிலிருந்து வருவோர் இலகுவாகக் கூறிவிடுகின்றனர். தீவின் நன்னீர் என்பது மழைநீர் கல்லிடுக்குகளில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் பாலாடைபோல் மெல்லியதாக மிதந்து நிற்பது. வாளியால் அள்ளும்போது கிணறு மெதுவாக ஊறி ஈடுகொடுக்கும். மோட்டாரால் ஒரேயடியாக இறைத்தால் மேலிருக்கும் நன்னீர் தீர்ந்து கீழிருக்கும் உவர்நீர் மேலேறிவிடும். அப்படி உவரான கிணறு நல்ல மழை பெய்து தேறும்வரை குடிக்க உதவாது. தீவின் சாராப்பிட்டிப் பகுதிக் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருக்கிறதே என்றால், அது தீவு மக்களுக்கே பங்கிட வேண்டிய தண்ணீர். அங்கிருந்து குதிரைகளுக்கும் எடுத்தால் நாளை அக்கிணறுகளும் உவராகும்.

முன்பு கிணறுள்ள வளவுகளில் ஆடுமாடுகளுக்கென்று ஒரு கல்தொட்டி கட்டுவது வழக்கம். யாருடைய மாடு, யாருடைய குதிரை என்று பார்க்காமல் அதில் தண்ணீர் விடப்பட்டது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தும், பின்னர் படிப்பு, தொழில் என்று புறப்பட்டும் தீவை விட்டுச் சென்ற குடும்பங்கள் பல. பூட்டிக் கிடக்கும் வளவுகளில் கிணறுகள் பனையோலையும் குப்பையும் விழுந்து தூர்ந்து கிடக்கின்றன; தொட்டிகளில் வெடிப்பு விழுந்திருக்கிறது. முன்னர் பல கிணற்றடிகளில் பகிர்ந்து குடித்த குதிரைகள் இப்போது ஆளிருக்கும் சில கிணற்றடிகளிலேயே வந்து குவிகின்றன. தாகத்தில் வரும் கூட்டம் நெருக்கியடிக்கும்போது சீமெந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலி சரிந்துவிடுகிறது. பெரிய கல்லை அடியில் வைத்து, காற்றுப் புகுந்து செல்ல இடைவெளி விட்டு, சிறு கல்லால் இறுக்கி அடுக்கும் அந்த வேலை தெரிந்தவர்களும் இன்று குறைவு. வேலி விழுந்த வளவில் பயிர் வைக்க முடியாது. அதனால் குதிரையைக் கண்டாலே கல்லெறியும் வீடுகளும் உள்ளன என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்களைக் குறைகூறவும் எனக்கு மனம் வரவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் வந்து, பின்னேரப் படகில் திரும்பும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிஸ்கற்றும் பாணும் குதிரைக்குரிய உணவல்ல. நாளின் பெரும்பகுதியைப் புல் மேய்வதிலேயே கழிக்கும் விலங்கு அது. அதன் உடலமைப்பில் வாந்தியெடுக்க இயலாது. உணவு மணக்கும் பொலித்தீன் பையை விழுங்கினால் அது குடலில் அடைத்துக்கொண்டு, குதிரை வயிற்றுவலியில் தரையில் உருண்டுருண்டே இறந்துபோகும். எறியப்படும் சோற்றுப் பொதிகளுக்காகக் கட்டாக்காலி நாய்கள் இறங்குதுறையைச் சுற்றியும் கோட்டையடியிலும் பெருகுகின்றன; பின்னர் அவையே எங்கள் ஆட்டுக்குட்டிகளைக் கடிக்கின்றன. நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசி மருந்து குளிரிலேயே வைத்துக் கடல் கடந்து வரவேண்டியது என்பதால், இங்கே நாய்களின் தொகை கூடுவது நகரத்தில் கூடுவதைவிடப் பெரிய தொல்லை.

சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல் குழம்பிப் படகு தடைப்படும் நாட்களில் தவிட்டு மூடையும் வராது, மருந்தும் வராது. நோயுற்ற ஆட்டைத் தூக்கிப் படகில் ஏற்றலாம். குதிரையை ஏற்ற முடியாது. ஆகவே கால்நடை வைத்தியர் ஒருவர் சோளகக் காலத்திலாவது தொடர்ந்து தீவிலேயே தங்கியிருக்க ஏற்பாடு வேண்டும்.

2015இல் தீவின் ஒரு பகுதி, 1,800 ஹெக்டேயருக்கும் மேல், தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டதை நான் வரவேற்றவன். குதிரைகள் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை, தண்ணீர் இருக்கும் இடத்திற்குத்தான் வரும் என்பதை மட்டும் உரியவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். மேய்ச்சல் தரைக்குள்ளேயே பழைய கேணிகளைத் தூரெடுத்து, குட்டிகளும் இறங்கி ஏறக்கூடியதாக ஒரு பக்கத்தைச் சரிவாக அமைத்தால் குடியிருப்புகளின் மேலுள்ள நெருக்கம் பெருமளவு தணியும். ஆளில்லா வளவுகளின் கிணறுகளை உரிமையாளரின் சம்மதத்துடன் இறைத்துத் துப்புரவாக்கி, தொட்டியைத் திருத்தி, அயல்வீட்டார் ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு வழங்கி நாள்தோறும் தண்ணீர் நிரப்பச் செய்யலாம். வெளிநாடுகளிலிருந்து குதிரைகளுக்காக நன்கொடை அனுப்ப விரும்பும் எங்கள் தீவார், அங்கிருந்தே தங்கள் பூட்டிய வளவின் கிணற்றைத் திறக்கச் சம்மதக் கடிதம் அனுப்பினால் பணத்தைவிட அது கூடுதலாக உதவும்.

கேணியைத் தூரெடுப்பது அது வற்றிக் கிடக்கும்போது மட்டுமே முடியும். ஐப்பசியில் மழை இறங்கியபின் பணம் ஒதுக்கப்பட்டால் நிரம்பிய கேணியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை; மறுகோடையில் அதே படங்கள் பத்திரிகையில் வரும். எனவே இவ்வாண்டுக்கான வேலைகள் எவையாயினும், அவற்றுக்கான அனுமதியும் பணமும் ஆடி மாதத்துக்குள் கிடைத்து, ஆவணி முடிவதற்குள் வேலை நிறைவேற வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாக உரிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கால்நடை வளர்ப்பாளர் ஒருவர்,
நெடுந்தீவு மேற்கு.